டயர் ஓரத்து முடிகள்

இரண்டு வருஷம் நிலையை விட்டு அசையாமல் நின்ற நெல்லையப்பர் தேர் மறுபடி ஓடியதே, கொரோனா அடங்கிய அந்த ஆனி மாதம், அப்போதுதான் உம் வண்டிக்குப் புது டயர் போட்டோம். பக்ரீத் பெருநாளும் தேரை ஒட்டியே வந்தது. ஜங்ஷன் பஸ் நிலையத்தை இடித்துப் போட்டுவிட்டு, கட்டி முடிக்காமல் தகரம் அடைத்து வைத்திருந்தார்கள். எனக்குத் தேதி நிற்காது. எது எதோடு வந்தது என்று கோத்து வைத்துக்கொள்வேன். ஒன்றை இழுத்தால் மற்றது கூடவே வரும்.

இன்றைக்கு இழுத்துக்கொண்டு வந்தது ஒரு வாசம். மத்தியானம் மேலப்பாளையத்தில் உம் வீட்டு நடையில் கால் வைத்ததும் மூக்கில் ஏறியது. புது ரப்பர் வாசம். முற்றத்தில் உம் சிவப்பு வண்டி நின்றது, இரண்டு சக்கரத்திலும் புது டயர். உம் மகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"மோந்து பாருங்க மாமா. அன்னைக்கு உள்ள வாசந்தானா?"

குனிந்து மோந்து பார்த்தேன். கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. அது டயரில் வந்த மாற்றமா, என் மூக்கில் வந்த மாற்றமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நீர் இருந்திருந்தால் இதற்கே அரை நாள் பேசியிருப்பீர். அதனால்தான் உமக்கு ஒரு கடுதாசி போடலாம் என்று தோன்றியது. எனக்கு எழுத வராது என்பது உமக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல உம் மகள் எழுதுகிறாள். நான் சொல்வதை அவள் புத்தகத் தமிழாக நிமிர்த்திவிடுகிறாள். ஆட்கள் பேசியதை மட்டும் பேசினபடியே விடு தாயி என்று சொல்லியிருக்கிறேன்.

அந்த வண்டி உம்முடையதே இல்லை. உம் மகன் ஆசைப்பட்டு வாங்கி, ஆசை தீருவதற்குள் துபாய்க்குப் போய்விட்டான். "எஞ்சின் படுத்துரும் வாப்பா, அப்பப்ப ஸ்டார்ட் மட்டும் பண்ணி வைங்க" என்று போனில் சொன்னான். நீர் ஸ்டார்ட் பண்ணினீர். அப்புறம் தெரு முக்கு வரை போனீர். அப்புறம் டவுன் வரை. ஒரு நாள் என் வாசலில் வந்து நின்று, "ஏறும்வே, சேரன்மகாதேவி வரைக்கும் ஒரு நடை போயிட்டு வருவோம்" என்றீர். ஸ்போர்ட்ஸ் பைக்கில் உட்கார்வது எப்படி என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தாடி நரைத்த நீர் டேங்க் மேல் கவிழ்ந்து கிடக்க, நான் உமக்குப் பின்னால் பரண் மேல் ஏறினவன் மாதிரி உயரத்தில் இருந்தேன். கடைத்தெருவில் நின்ற பையன்கள், "ரெண்டு பெருசும் ராக்கெட்ல போவுதுடோய்" என்று கத்தினார்கள். நீர் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "எடம் இருந்தா ஒங்களையும் ஏத்திக்கிடுவேம்லே" என்று திருப்பிக் கத்தினீர்.

சவுதியில் பாதி ஆயுள் கிரேன் ஓட்டிவிட்டு வந்த மனுஷன் நீர். வந்த பிறகு அந்தக் கைக்கு வேலை இல்லை. ரிமோட்டை அமுக்குவதும் ரேஷன் பையைத் தூக்குவதுமாக இருந்தது. வண்டியில் உட்கார்ந்த பிறகுதான் உம் கை மறுபடி உம் கையாக ஆனது. அதனால்தான் அந்த வளைவில் விழுந்தது உம்மை அப்படி உலுக்கிவிட்டது.

சாரல் பிடித்த காலை அது. சேரன்மகாதேவிக்கு முன்னால் வாய்க்கால் பாலத்து வளைவில், வேகம்கூட இல்லை, வண்டி நம் இரண்டு பேரையும் பைய இறக்கிவிட்டதுபோல் சாய்த்துவிட்டுத் தான் மட்டும் வழுக்கிக்கொண்டு போனது. உமக்கு முழங்கை, எனக்கு முட்டி. சிராய்ப்போடு போயிற்று. ஆனால் அன்றைக்குச் சாயந்தரம் உம் வலது கை மடியில் கிடந்து தானாக ஆடியதை உம் மகள் பார்த்துவிட்டாள். முன்னமே ஆடியதா, விழுந்த பிறகு ஆட ஆரம்பித்ததா என்று உமக்கே தெரியவில்லை.

"வாப்பா, கை நடுங்குது. இந்தக் கையோட வண்டி ஓட்டுதீங்களா?"

"கையில்ல மவளே, டயரு வழுக்கிட்டு."

"டயரு வந்து சாட்சி சொல்லுமா?"

கணக்கு டீச்சர் அல்லவா, சொன்னால் போதாது, நிரூபிக்க வேண்டும். கடைசியில் வாப்பாவும் மகளும் ஒரு பேச்சுக்கு வந்தீர்கள். புது டயர் போட்டு ஒரே ஒரு தடவை பாபநாசம் போய் வருவது. வண்டி ஒழுங்காக வந்தால் அவள் வாயைத் திறக்க மாட்டாள். மறுபடி வழுக்கினால் சாவி அவள் கையில், வண்டி விற்பனைக்கு.

அவள் உள்ளே போன பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டீர்: "உள்ளதச் சொல்லும்வே சொடல. கையா, டயரா?"

"எனக்குத் தெரியலவே" என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

"கிரேன்ல இருக்கவன் கை ஆடுச்சுன்னா கீழ நிக்கவன் வீட்டுக்குப் போவ மாட்டான். என் கைக்குக் கீழ நின்ன அத்தன பேரும் வீட்டுக்குப் போயிருக்கான்." அதைச் சொல்லிவிட்டு அந்தக் கையை இன்னொரு கையால் மூடி வைத்துக்கொண்டீர்.

பாளையங்கோட்டையில் அந்தோணி டயர் கடைக்குப் போனோம். சக்கரத்தைக் கழற்றிப் பழைய டயரை உருட்டிவிட்டு, அந்தோணி அதை ஒரு மாதிரிப் பார்த்தான். "பாய், நீங்க வண்டியச் சாய்க்கவே மாட்டீங்களோ? நடு மட்டும் தேஞ்சு சப்பையாக் கெடக்கு, ஓரம் ரெண்டும் வாங்குன மேனிக்கு இருக்கு." நகத்தால் அழுத்தினான், பதியவில்லை. என்னையும் அழுத்தச் சொன்னான். மாட்டுக் குளம்பு மாதிரி இருந்தது. கொரோனா முழுக்க வண்டி வெயிலில் நின்றதில் ரப்பர் காய்ந்துவிட்டது என்றான்.

உமக்கு முகம் தெளிந்தது. "அப்ப டயருதான?"

"டயரும் காரணமா இருக்கும்" என்றான் அவன். அந்த 'உம்'மை நீர் விரும்பவில்லை.

புது டயரை அவன் தரையில் நிறுத்தியபோது எனக்கு வேடிக்கையாக இருந்தது. நான் லாரி டயரோடு காலம் கழித்தவன். லாரி டயர் தரையில் சம்மணம் போட்டு உட்காரும். இது முட்டையை நிறுத்தி வைத்த மாதிரி, ஒரு விரல் அகலம்தான் தரையைத் தொட்டது. மேலெல்லாம் மெல்லிசாக ரப்பர் முடி. லாரி டயரிலும் முடி உண்டு, வருஷக்கணக்காகப் பார்த்தவன், ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. நீர் கேட்டீர். "ஏன் அந்தோணி, இதுக்கு எதுக்கு முடி?"

"டயர அச்சுல வச்சு அமுக்கும்போது உள்ள இருக்க காத்து வெளிய போவணும்லா பாய். அதுக்கு அச்சுல பொடிப்பொடி ஓட்டை இருக்கும். காத்து போன வழியில ரப்பரும் கொஞ்சம் எட்டிப் பாக்கும். அதுதான் முடி."

நீர் ஒரு முடியை விரலால் நீவிவிட்டு, "காத்து போன தடமாவே இது" என்றீர். உம் முகத்தில் பத்து வயசுப் பையன் இருந்தான். டயர் பக்கவாட்டில் இருந்த எழுத்தையெல்லாம் எனக்கு வாசித்துக் காட்டினீர். நடுவில் ஒரு அம்பு இருந்தது, சக்கரம் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று காட்ட. "எழுத்துதான் வராது, அம்பு வரும்வே" என்றேன். அந்தோணிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

காற்று அடித்துக் கொடுக்கும்போது அவன் சொன்னான்: "புது டயரு மேல ஒரு வழவழப்பு இருக்கும். அது போற மட்டும் பைய போங்க, திடீர்னு சாய்க்காதீங்க. ஓட்ட ஓட்ட நடுவுல முடி மொதல்ல உதிரும். அப்புறம் நீங்க எம்புட்டு நம்பிச் சாய்க்கேளோ, அம்புட்டு ஓரம் வரைக்கும் உதிரும். பயந்து ஓட்டுனா ஓரத்து முடி அப்படியே நிக்கும். அத ஒளிக்க முடியாது பாத்துக்கிடுங்க."

வீட்டுக்கு நேர் ரோட்டில் பைய ஓட்டி வந்தீர். தெருவில் இறங்கித் தள்ளியபோது, "என்னவே இது, கன்னுக்குட்டி மாதிரி தானா முன்னால போவுது" என்றீர். நானும் தள்ளிப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது.

பெருநாள் அன்றைக்குத் தொழுகை முடிந்து, எனக்கும் சோறு போட்டு, ஒரு சின்னச் சுற்று போய் வருவோம் என்று வண்டியை எடுத்தீர். புதுச் சட்டை, அத்தர் வாசம். வண்டியும் பளபளவென்று நின்றது. பாபநாசத்துக்கு முன்னால் ஒரு பழக்கம் வேண்டும் என்றீர். தெரு முக்கில் மெயின் ரோட்டுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். நடந்து போகிறவன் வேகம்தான். திரும்பினீர். பின் சக்கரம் எங்கோ போய்விட்டது. சோப்பின் மேல் கால் வைத்த மாதிரி. நாம் இரண்டு பேரும் பிரியாணிக் கடை வாசலில் உட்கார்ந்திருந்தோம்.

கடையில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். உம் மகளும் வாசலில் இருந்து பார்த்துவிட்டு முக்காட்டை இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். நீர் அடிபட்டதா என்றுகூடப் பார்க்கவில்லை. உம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தீர். ஆடியது. எழுந்து வண்டியில் இருந்து சாவியை உருவி அவள் உள்ளங்கையில் வைத்தீர்.

"கைதான் மவளே. நீ சொன்னது சரி. தம்பிக்குப் போன் போட்டுச் சொல்லிரு, வித்துரலாம்னு."

அவள் சாவியை மூடிப் பிடித்தாள். அவள் கேட்டது அவள் கைக்கு வந்துவிட்டது.

நான் வண்டியைத் தூக்கி நிறுத்தினேன். பின் டயரைப் பிடித்த கை வழுக்கியது. உள்ளங்கை முழுக்கப் பிசுபிசுப்பு. எஞ்சின் ஆயில்தான் ஒழுகுகிறதோ என்று மோந்து பார்த்தேன். ஆயில் இல்லை. ஒரு வீட்டு வாசம். "என்னவே, வண்டி தலைக்குத் தேச்சிருக்க மாதிரி மணக்குது?" என்று வேடிக்கையாகத்தான் கேட்டேன். நீர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எது மணந்தா என்னவே, விடும்" என்று வீட்டைப் பார்த்து நடந்தீர்.

உம் மகள் அதே இடத்தில் நின்றாள். அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு, "இதெல்லாம் எழுதணுமா மாமா?" என்று கேட்கிறாள். எழுது தாயி என்கிறேன். அன்றைக்கு நீ வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கும் தெரிந்திருக்காது.

"வாப்பா" என்று கூப்பிட்டாள். நீர் நிற்கவில்லை. இன்னும் சத்தமாக, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கூப்பிட்டாள். "வாப்பா! டயருக்குத் தேங்காண்ணெய் தேச்சது நாந்தான்!"

பெருநாள் காலையில் பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது உம் வீட்டு வழக்கம். தீபாவளிக்கு என் வீட்டிலும் அப்படித்தான். பிள்ளைகளுக்குத் தேய்த்த பிறகு கிண்ணத்தில் எண்ணெய் மிச்சம் இருந்திருக்கிறது. முற்றத்தில் வண்டி நின்றிருக்கிறது. நீர் ஆசையாகப் பார்க்கிற வண்டி, பெருநாளும் அதுவுமாக மங்கலாக நிற்க வேண்டாமே என்று, தன் ஸ்கூட்டிக்கு எப்போதும் செய்வதைப் போலத் துணியில் தொட்டு டேங்கைத் துடைத்திருக்கிறாள். அதோடு விடவில்லை. டயர் கறுப்பாக மின்னட்டும் என்று முடி முடியாக நீவிவிட்டிருக்கிறாள்.

தெருவே சிரித்தது. நீர் மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி வந்து அவளைப் பார்த்தீர். "ஏட்டி, சாவிதான் ஒங்கிட்ட வந்துட்டுல்லா. பின்ன எதுக்குச் சொன்ன?"

அவள் அழுதாளா சிரித்தாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. "கணக்கு தப்பா வந்துச்சுன்னா விடை எனக்குச் சாதகமா இருந்தாலும் அது தப்புதான் வாப்பா. இன்னும் கையா டயரான்னு தெரியலல்லா?" என்றாள். சாவியை மட்டும் கொடுக்கவில்லை. பாபநாசம் போய் வந்த பிறகுதான் பேச்சு என்றாள்.

எண்ணெய் தேய்த்தவளே சீயக்காயும் தேய்த்தாள். அது போதாது என்று பாத்திரம் தேய்க்கிற சோப்பும் தேங்காய் நாரும். முற்றம் முழுக்க நுரை. நீர் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "கண்ணுல விட்ராத, அழுவும்" என்று வண்டிக்காகப் பேசினீர். நான் விரலால் தொட்டுத் தொட்டு மோந்து, ரப்பர் வாசம் திரும்புகிற வரைக்கும் விடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டோம். அவள் தன் ஸ்கூட்டியில் பின்னாலேயே வந்தாள், சாட்சிக்கு. பத்தமடை வரை நீர் பேசவே இல்லை. பேசாமல் ஓட்டியதால் எனக்குக் கேட்டது. பழைய டயர் ஓடும்போது ஒரு முனகல் இருக்கும், அது இல்லை. ரோட்டு வெடிப்பில் ஏறும்போது முதுகெலும்பில் குத்தும், இப்போது யாரோ கீழே கை வைத்துத் தாங்கிய மாதிரி இருந்தது. பழைய டயரில் வண்டியைத் திருப்ப வேண்டும் என்றால், நடு சப்பையாக இருந்ததால், ஒரு படியில் இருந்து இறங்குவது போலத் தொபக்கென்று சாயும். அது வண்டியின் குணம் என்றல்லவா நாம் நினைத்திருந்தோம்! இப்போது படியே இல்லை.

வாய்க்கால் பாலத்து வளைவு வந்தது. உம் முதுகு இறுகியது. நான் உம் இடுப்பைப் பிடித்திருந்தேன், எனக்குத் தெரியாதா? தூறல்கூட இருந்தது. வளைவுக்குள் போனோம். ரோடு ஒரு பக்கம் எழுந்து வந்து நம் தோளைப் பார்த்துவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. அவ்வளவுதான். பாலம் பின்னால் போய்விட்டது. உம் முதுகு இளகியது. கண்ணாடியைத் தூக்கிவிட்டுச் சொன்னீர்: "நா நெனக்கதுக்கு முன்னால திரும்புதுவே!"

அப்புறம் வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் எல்லாம் நீர் வேண்டுமென்றே வளைவைத் தேடிப் போன மாதிரிதான் இருந்தது. பின்னால் ஸ்கூட்டி ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்தது.

பாபநாசத்தில் ஆற்றங்கரைக்கு மேலே டீ குடிக்க உட்கார்ந்தோம். உம் வலது கை மடியில் கிடந்தது. ஆடியது. அவள் பார்த்தாள். நானும் பார்த்தேன். நீரும் பார்த்தீர். அவள் எழுந்து போய் வண்டிப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பின் டயரை விரலால் தடவினாள். அந்தோணி சொன்னதை நான் அவளிடம் சொல்லியிருந்தேன். நடுவில் முடி இல்லை. ஓரத்துக்கு வந்தாள், அங்கேயும் உதிர்ந்திருந்தது. அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஒரே அகலத்துக்கு முடி போயிருந்தது. வலது கை நடுங்கிப் பயந்திருந்தால் ஒரு பக்கமாவது மிச்சம் நின்றிருக்க வேண்டும்.

திரும்பி வந்து உம் கையைத் தன் கையில் எடுத்து இறுகப் பிடித்தாள். ஆட்டம் நின்றது. விட்டாள். ஆடியது. மறுபடி பிடித்தாள். நின்றது. கணக்கு டீச்சர்.

"சும்மா இருந்தா ஆடுது வாப்பா. எதையாவது பிடிச்சிருந்தா ஆடல."

"இத்தன நாளும் அதத்தான் பயந்துக்கிட்டு மடியில வச்சிருந்தேன்" என்றீர்.

"அப்ப சும்மா வைக்காதீங்க" என்று சாவியை அந்தக் கைக்குள் வைத்து மூடினாள். ஆக, கையா டயரா என்ற கேள்விக்கு விடை இரண்டும்தான்; கை ஆடுவதும் நிஜம், டயர் வழுக்கியதும் நிஜம். ஆனால் உம்மை விழத் தள்ளியது டயர். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அதற்கப்புறம் ஆற்றில் அந்தப் பெருவெள்ளம் வந்து வடிகிற வரைக்கும் நீர் ஓட்டினீர். ஒரு தடவையும் விழவில்லை. வெள்ளம் வடிந்த மாதம், தூக்கத்தில், யாருக்கும் தொந்தரவு இல்லாமல் போனீர். மையவாடியில் உம்மை அடக்கிவிட்டுத் திரும்பி வந்து நான் செய்த முதல் காரியம் உம் வண்டி டயரைப் பார்த்தது. ஓரத்தில் ஒரு முடிகூட இல்லை.

உம் மகன் துபாயில் இருந்து, வித்துரலாம் என்றான். இவள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. ஓட்டாமல் நின்றே டயர் வெடிப்பு விட்டுப் போனதால் இன்றைக்குப் புதுசு போட்டிருக்கிறாள். மத்தியானம் என் கண் முன்னால், பெரிய மைதானம் வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தாள். எப்படித் தாயி இருக்கு என்று கேட்டேன். வாப்பா சொன்ன மாதிரி நினைப்பதற்கு முன்னால் திரும்புகிறதா?

"இல்ல மாமா. எங்கிட்டக் கேட்டுட்டுத் திரும்புது."

இது என்ன புதுக்கூத்து? ஒரே வண்டி. டயர்தான் வேறு, ஆளும் வேறு. எது வித்தியாசம்? நீர் இருந்தால் இதையும் கண்டுபிடிக்க ஒரு பாபநாசம் போயிருப்போம்.

உம்மிடம் இருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது ஒன்று உண்டு. ரோட்டோரம் எந்த வண்டி நின்றாலும் குனிந்து டயர் ஓரத்தைப் பார்த்துவிடுகிறேன். மீசை முறுக்கிய ஆளின் வண்டியில் ஓரத்து முடி அப்படியே நிற்கும். பால் கேன் கட்டிய ஒரு கிழட்டு வண்டியில் ஒன்றுகூட இருக்காது. "ஏ தாத்தா, என்ன திருடப் பாக்கீரா?" என்று கேட்கிறார்கள். நிமிர்ந்து சிரித்துவிட்டுப் போவேன்.

அன்றைக்குப் போட்ட டயரைக் கண்டவர்களில் நீர் போய்விட்டீர். அந்தோணியைச் சர்க்கரை கொண்டுபோய்விட்டது. பாபநாசத்தில் டீ போட்டவரும் இல்லை, கடையில் இப்போது வேறு யாரோ. எனக்கு முட்டி மடங்கவில்லை, என்னைக் கணக்கில் வைக்க வேண்டாம். அந்த வளைவில் வண்டி சாய்ந்து நிமிர்ந்ததைப் பின்னால் இருந்து முழுசாகப் பார்த்தது ஒரே ஆள், ஸ்கூட்டியில் வந்த உம் மகள். நாளைக்குப் பாபநாசம் போகிறாளாம், தனியாக. பேரை எழுது தாயி, யார் ஓட்டிப் போகிறார்கள் என்று வாப்பாவுக்குத் தெரிய வேண்டாமா? வெட்கப்படாமல் எழுது.

செய்யதலி பாத்திமா.